பத்தரைக்கு முன்னால் திறந்த கதவு

எங்கள் கடையின் பின்னறையில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அலமாரி இருக்கிறது. அதன் கண்ணாடிக் கதவுக்கு ஒரே ஒரு சாவி. முன்பெல்லாம் அது தவுக்கேயின், அதாவது எங்கள் சீன முதலாளியின், இடுப்பில்தான் தொங்கும். இப்போது என் இடுப்பில் தொங்குகிறது. எப்படி வந்தது என்று கேட்பவர்களிடம் பாதிக் கதைதான் சொல்வேன். மீதியைச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே முழுவதையும் எழுதிவிடுகிறேன், சிரித்தால் சிரிக்கட்டும்.

கடை என்றால் மலேசியாவின் ஈப்போ நகரத்தில் ஒரு மாடிக்கடை வரிசையில் இருக்கும் சின்ன இணையக் கம்பெனி. பெரிய கம்பெனிகளின் கேபிள் போகாத இடத்துக்கெல்லாம் நாங்கள் போவோம். கம்பம் நட்டு, கூரையில் தட்டு பொருத்தி, வீட்டுக்குள் லைன் இழுத்துக் கொடுப்போம். ரப்பர் தோட்டமாக இருந்து தாமான், அதாவது வீட்டுக் குடியிருப்பு, ஆகிப்போன இடங்கள்தான் எங்களுக்குப் பாதி வாடிக்கை. என் வீடும் சுங்கை சிப்புட் பக்கம் அப்படியொரு தாமானில் இருக்கிறது. நான் பிறந்த லயம், அந்தத் தோட்டத்து வரிசை வீடு, நின்ற இடத்தில் இன்று எண்ணெய் நிலையம். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. நாலு வீட்டுக்கு ஒரு கக்கூஸ் என்று வளர்ந்தவனுக்கு எண்ணெய் நிலையத்துச் சுத்தமான கழிவறை எவ்வளவோ மேல்.

நான் படித்தது ஐந்தாம் படிவம் வரை. கம்பெனியில் சேர்ந்தது கூரை ஏறுவதற்கு. இருபது வருடம் ஏறினேன். ஐம்பதைத் தொட்டதும் இடது முட்டி என்னோடு பேச ஆரம்பித்துவிட்டது, அதுவும் ஏணியின் மூன்றாம் படியிலேயே. மழைக்காலத்தில் ஓட்டுக்கூரை வழுக்கும்போது முருகா முருகா என்று சொல்லித்தான் காலை வைப்பேன். அவனும் ஒரு தடவைகூட என்னைக் கீழே விட்டதில்லை. ஆனாலும் எத்தனை நாளைக்கு அவனையே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வது?

அந்த அலமாரிக்குள் இருக்கும் ரூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வெளி ஆள். அவர் சிங்கப்பூருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார். போவதற்கு முன் பத்து நாள் எனக்கு அடிப்படை சொல்லிக் கொடுத்தார். நான் ஒரு கோடு போட்ட நோட்டில் கட்டளைகளை ஆங்கிலத்திலும், அது என்ன செய்யும் என்பதைப் பக்கத்தில் தமிழிலும் எழுதி வைத்துக்கொண்டேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. ரூட்டர் மேல் குங்குமப் பொட்டு. தவுக்கே அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய சிவப்பு சாமி மாடம் அதே அறையில்தான் தரையில் இருக்கிறது. தினம் காலையில் ஊதுபத்தி வைப்பார். புகை ரூட்டருக்குள் போகிறதே என்று நானும் ஒன்றும் சொல்லவில்லை.

எங்களுக்கு ஒரே ஒரு பெரிய கம்பெனியிடமிருந்துதான் லைன் வந்தது. சாலை தோண்டுகிறவர்கள் அந்தக் கேபிளை வெட்டிவிட்டால் போதும், எல்லாத் தாமானிலிருந்தும் போன் வரும். அப்படி ஒரு முறை இரண்டு நாள் முழுக்கப் போன் எடுத்துத் தொண்டை கட்டிப்போன தவுக்கே, வேறொரு கம்பெனியிடமிருந்து இரண்டாவது லைன் வாங்குவது என்று முடிவு செய்தார். ஒன்று போனால் இன்னொன்று.

புது லைனை ரூட்டரில் சேர்க்க வேண்டும். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். தவுக்கே தமிழர்கள் நிறைந்த புந்தோங்கில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகவே வரும்.

"வெள்ளிக்கிழமை நீ முடிச்சிட்டா, இந்த அலமாரி உன்னோடது. கூரைக்கு வேற ஆள் பாக்கறேன். முடியலன்னா கேஎல் ஆளுங்ககிட்ட மொத்தமா கொடுத்துடுவேன். நீ மறுபடி ஏணிதான். கோவிக்காத."

கோபிக்க என்ன இருக்கிறது, அவர் பிழைப்பும் இதில்தானே. ஆனால் அன்றிரவு முட்டிக்குத் தைலம் தேய்த்தபோது என் மனைவியிடம் சொன்னேன். அவள் எழுந்துபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் இன்னொரு விளக்கை ஏற்றிவிட்டு வந்தாள்.

புதுக் கம்பெனியின் பக்கம் இந்த வேலையைப் பார்க்க ஒரு பெண் பொறியாளரைப் போட்டிருந்தார்கள். தமிழ்ப் பெண், வேதக்கார வீடு, அதாவது கிறிஸ்தவர்கள், கமுந்திங்கில் பிறந்தவர். போனில்தான் பழக்கம். என்னை அண்ணே என்பார். ரூட்டர் வேலையில் எது முக்கியம் என்பதை எனக்குப் புரியும்படி சொன்னவர் அவர்தான்.

ரூட்டர்கள் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். இன்னின்ன முகவரிக்குப் போக வேண்டுமா, என் வழியாக வா என்று ஒன்று சொல்லும். கேட்ட ரூட்டர் அதை அடுத்ததுக்குச் சொல்லும். இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் உலகம் முழுவதற்கும் வழி தெரிகிறது. பெரிய கம்பெனி எங்களுக்கு உலகத்து வழி எல்லாவற்றையும் சொல்லும். நாங்கள் திரும்பச் சொல்ல வேண்டியது எங்கள் சொந்த முகவரிகளை மட்டும்தான். பழைய கம்பெனியிடம் கேட்டதையெல்லாம் புதுக் கம்பெனியிடம் ஒப்பித்துவிடக் கூடாது. ஒப்பித்தால், உலகத்துக்கே வழி இந்த ஈப்போ மாடிக்கடைதான் என்று அவர்கள் ரூட்டர் நம்பிவிடும்.

"உங்க வீட்டு அட்ரஸ மட்டும் சொல்லுங்கண்ணே. ஊர்ல இருக்கற வீடெல்லாம் என்னோடதுன்னு சொல்லிடாதீங்க," என்றார்.

அதற்குத்தான் ஒரு பட்டியல். இவையெல்லாம் எங்களுடையவை, சொல்லலாம். பட்டியலில் இல்லாத எதையும் சொல்லாதே. அவ்வளவுதான். எனக்கு உடனே கோயில்தான் ஞாபகம் வந்தது. அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது நம் குடும்பத்துப் பெயரையும் நட்சத்திரத்தையும்தான் சொல்கிறோம். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பெயரையெல்லாம் நாமே சொல்வதில்லை. என் மனைவி பதினேழு பெயர் சொல்லுவாள், ஆனால் பதினேழும் சொந்தம்தான்.

எங்கள் பட்டியலில் இரண்டே வரி. ஒன்று வீட்டு வாடிக்கையாளர்களின் முகவரிகள், மற்றொன்று கடைகள், அலுவலகங்களுடையவை. தவுக்கே சொன்னபடி இரண்டையும் நோட்டில் எழுதி நான்கு முறை சரிபார்த்தேன்.

பிறகு அந்தப் பெண் நேரம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. அவருடைய மேலதிகாரி பன்னிரண்டு மணிக்கு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிவிடுவார், அதற்குள் முடிக்க வேண்டும் என்றார்.

தினக்காலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாரோ இரண்டு காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொடுத்த மாதிரி இருந்தது.

என் வீட்டில் ராகு காலத்தில் புது மிதியடிகூடப் போட மாட்டோம். இருபது வருடத்துப் பிழைப்பு மாறப்போகிற காரியத்தை அதில் தொடங்குவதா? வேறு நேரம் கேட்கலாம் என்று இரண்டு முறை போனை எடுத்தேன். காரணம் கேட்டால் என்ன சொல்வது? கூரை ஏறுகிறவனை நம்பி ரூட்டரைக் கொடுக்கிறார்கள். முதல் வேலையிலேயே ராகு காலம் என்று சொன்னால் மதிப்பார்களா என்று வெட்கப்பட்டு வைத்துவிட்டேன்.

வழி சொன்னவள் என் மனைவி. எங்கள் பக்கம் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. நேரம் சரியில்லாத நாளில் பயணம் போக வேண்டியிருந்தால், நல்ல நேரத்திலேயே பையைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவோம். பயணம் தொடங்கிவிட்டது என்று கணக்கு. பிறகு எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். புது வீட்டுக்குச் சாமான் வர ஒரு மாதம் ஆகும் என்றாலும் நல்ல நேரத்தில் பாலைக் காய்ச்சிவிடுகிறோம் இல்லையா, அதே மாதிரி.

"பத்தரைக்கு முன்னாடி கைய வச்சிருங்க. அப்புறம் அவங்க நேரத்துல முடிச்சிக்கலாம்," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போய் இரண்டு பேரும் கும்பிட்டுவிட்டு, அவளை வீட்டில் இறக்கிவிட்டு, ஒன்பதரைக்கெல்லாம் கடைக்கு வந்துவிட்டேன். தவுக்கே ஒரு தொழிற்சாலை வாடிக்கையாளரைப் பார்க்கக் கமுந்திங் போயிருந்தார். பிற்பகல்தான் வருவார். சாவி வளையத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பத்து பதினெட்டுக்கு ஒரு தரம் கண்ணை மூடித் திறந்துவிட்டு, புது லைனுக்கான இணைப்பைத் திறந்தேன். பால் காய்ச்சுவது போல, சும்மா ஒரு தொடக்கம். பட்டியலைப் பிறகு ரூட்டரில் நிதானமாகத் தட்டிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். பத்தரைக்குத்தானே அந்தப் பெண் வருவார், அதுவரை அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் ஆள் இல்லைதான். ரூட்டர் இருந்தது.

இணைந்தது என்று திரையில் வந்தது. மனம் நிறைந்துபோய் நோட்டிலிருந்த பிள்ளையார் சுழியைப் பார்த்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் அறுந்தது என்று வந்தது. சரி, புது லைன், கொஞ்சம் தடுமாறும் என்று மறுபடி திறந்தேன். ஒட்டவே இல்லை. மூன்றாவது முறையும் திறந்து பார்த்தேன். சுவரில் முட்டுவது போல இருந்தது.

பத்து முப்பத்தொன்றுக்குப் போன் அடித்தது.

"அண்ணே, பட்டியல் போட்டீங்களா?"

"இல்ல தங்கச்சி. இனிமேதான்."

"பட்டியல் இல்லாமயா தொறந்தீங்க? உலகத்தையே தூக்கி என் தலையில வச்சிட்டீங்களே லா. இப்பதான் பாக்கறேன். எங்க ரூட்டர் உங்க மூஞ்சில கதவச் சாத்திட்டுப் போயிருச்சி."

விஷயம் இதுதான். வடிகட்ட ஒன்றும் இல்லாததால், பழைய கம்பெனி எங்களுக்குச் சொல்லியிருந்த உலகத்து வழி அத்தனையையும் என் ரூட்டர் ஒரே மூச்சில் அவர்களிடம் ஒப்பித்துவிட்டது. அந்தப் பெண் தன் பக்கத்துப் பட்டியலையும் பத்தரைக்குத்தான் போடுவதாக இருந்தார். நல்லவேளை, சின்ன வாடிக்கையாளர் பத்து வழிக்கு மேல் சொன்னால் இணைப்பைத் தானே மூடிவிடும்படி அவர்கள் ரூட்டரில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எனக்கு மட்டும்தான் ஆனது. அப்படி மூடினால் மேலதிகாரி கையெழுத்தில்லாமல் திறக்க முடியாது. அவர் கூட்டத்தில் இருந்தார், அது முடிந்ததும் நேரே தொழுகை. திரும்பிவர இரண்டே முக்கால்.

ஏன் பத்தரைக்கு முன்னால் திறந்தீர்கள் என்று அந்தப் பெண் கேட்டார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். காலையில்தான் கற்பூரத்தை ஒற்றிய கண். பொய் சொல்ல வாய் வரவில்லை. ராகு காலம், பக்கத்து வீட்டில் பை வைப்பது, பால் காய்ச்சுவது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

"ஏண்ணே, இத மொதல்லயே சொல்லியிருந்தா ஒம்பது மணிக்கு நேரம் வாங்கியிருப்பேனே. எங்க அம்மா வேதக்காரங்க, அவங்களே வெள்ளிக்கிழம பத்தரைக்கு என்னை வண்டி வாங்க விடல."

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு ஏணி ஞாபகம் வந்தது. தவுக்கேயிடம் என்ன சொல்வது? லைன் அந்தக் கம்பெனிப் பக்கமே தகராறு என்று சொன்னால் அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் சிரித்துப் பேசிய பெண்மேல் பழியைப் போட்டு ஒரு சாவி வாங்கினால், அதை எந்த இடுப்பில் கட்டுவது? போன் செய்து உள்ளதைச் சொன்னேன். பின்னால் லாரி போகிற சத்தம் வந்தது. வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லித் தவுக்கே வைத்துவிட்டார்.

ஏணி மூலையில் சாய்ந்து நின்றது. அதைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்து பட்டியலைத் தட்டினேன்.

மதியம் அந்தப் பெண் சாப்பாட்டை விட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டார். எதையும் திறப்பதற்கு முன் பட்டியலை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். ஐயருக்குப் பெயர் சொல்வது போல நிறுத்தி நிதானமாக இரண்டு வரியையும் படித்தேன்.

"அவ்வளவுதானா? உங்க தவுக்கே கையெழுத்துப் போட்ட விண்ணப்பப் பாரத்துல மூணு இருக்கே."

மூன்றாவதை அவர் படித்தார். என் நோட்டில் அது இல்லை. ரூட்டரில் பழைய லைனுக்கு இருக்கும் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அங்கே இருந்தது. முன்பே ஒரு முறை பார்த்திருக்கலாம். நோட்டில் இருப்பதே வேதம் என்று இருந்துவிட்டேன். தவுக்கேயைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆமாம், போன வருடம் தாமான்களுக்கென்று புதிதாக வாங்கினோம், உன்னிடம் சொல்லவில்லையா என்றார். சொல்லவில்லை.

அதாவது தோட்டப்பக்கத்து வீடுகள் அத்தனையும் என் பட்டியலில் இல்லை. என் வீடும் அதில் ஒன்று. பத்தரைக்கு எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, பழைய லைன் ஓடிக்கொண்டிருக்குமே. என்றைக்காவது கேபிளை வெட்டும்போதுதான், நகரத்துக்கு இணையம் இருக்கும், தாமான்களுக்கு இருக்காது. இது சாமி செய்ததா, என் அவசரம் செய்ததா என்று நான் ஆராய்ச்சி செய்யப் போவதில்லை. அந்த இடத்திலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டு மூன்றாவது வரியைத் தட்டினேன்.

இரண்டரைக்குத் தவுக்கே வந்தார், கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வந்த கோப்பி ஓ, பாலில்லாத காப்பி, இரண்டு பொட்டலம். ஒன்றை என் பக்கம் தள்ளினார். நாற்காலியை இழுத்து என் பின்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

இரண்டே முக்கால் ஆனது. அந்தப் பெண் லைனில் இருந்தார். மேலதிகாரி இன்னும் வரவில்லை.

"அண்ணே, மூணு மணிக்கு ஏதாச்சும் இருக்கா உங்களுக்கு?"

"எமகண்டம்," என்றேன், மெதுவாகத்தான். ஆனால் தவுக்கே காதில் விழுந்துவிட்டது.

அதிகாரி வந்தபோது மணி மூன்று ஐந்து. கையெழுத்தாகிவிட்டது, திறக்கலாமா என்று அந்தப் பெண் கேட்டார். கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு பட்டியலைப் பார்த்தேன். மூன்று வரி. எங்கள் பெயர், எங்கள் பெயர், எங்கள் பெயர். திறந்துவிடுங்கள் தங்கச்சி என்றேன்.

இணைந்தது. அனுப்பியது எத்தனை வழி என்று கேட்டால் ரூட்டர் ஓர் எண்ணைக் காட்டும். மூன்று என்று காட்டியது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். அறுந்தது என்று வரவே இல்லை.

"மூணுண்ணே. அழகா இருக்கு," என்றார் அவர்.

தவுக்கே எழுந்தார். அலமாரிக்குப் போய், பழைய கம்பெனியின் கேபிளைத் தன் கையாலேயே பிடுங்கிவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. திரையில் பழைய வழிகள் எல்லாம் சரிந்து, புது லைன் பக்கம் திரும்பின. எல்லாம் திரும்பியதா? சரிபார்க்க எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வீட்டுக்குப் போன் செய்தேன்.

"வீட்ல லைன் இருக்கா?"

"கொஞ்சம் நின்னுச்சி, இப்ப வந்திருச்சி. சீரியல் ஓடுது. ஏன் இப்படி மூச்சு வாங்குறீங்க, கூரையில நிக்கிறீங்களா?"

இல்லை, கீழேதான் நிற்கிறேன் என்றேன். அவள் சீரியலை நிறுத்திவிட்டாள் போல, பின்னால் சத்தம் அடங்கியது.

தவுக்கே கேபிளைத் திரும்பச் செருகினார். அலமாரியைப் பூட்டினார். சாவியை வளையத்திலிருந்து கழற்ற நகத்தால் ரொம்ப நேரம் போராடினார். பிறகு என் கோப்பிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தப்பு நீயும் செஞ்ச, நானும் செஞ்சேன். நீ உடனே போன் பண்ண. அது போதும். ஆனா அடுத்த தடவ அந்தப் பொண்ணு நேரம் குடுத்தா என்கிட்ட காட்டு. நீ உன் காலண்டர பாரு, நான் என் புத்தகத்த பாக்கறேன். எனக்கும் இன்னிக்கு நல்ல நாள் இல்ல லா. நான் சொன்னேனா?"

அவருடைய சீனப் பஞ்சாங்கம் எப்போதும் மேசை இழுப்பறையில் இருக்கும். இருபது வருடமாகப் பார்க்கிறேன், அதை எதற்குப் பார்க்கிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து பின்னறையில் என் தினக்காலண்டரும் தொங்குகிறது. புது வேலை எது வந்தாலும் ராகு காலம், எமகண்டம், தவுக்கேயின் புத்தகம், ஜும்மா தொழுகை, அந்தப் பெண்ணின் ஞாயிற்றுக்கிழமைப் பூசை எல்லாவற்றையும் கழித்துப் பார்ப்போம். வாரத்தில் மிஞ்சுவது செவ்வாய்க்கிழமையில் ஒன்றரை மணி நேரம்தான். அது எங்களுக்குத் தாராளமாகப் போதும்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து நடந்ததை மனைவியிடம் சொன்னேன். நீ சொல்லித்தானே பத்தரைக்கு முன்னால் திறந்தேன் என்று ஒரு வார்த்தை விட்டுப் பார்த்தேன்.

"நான் கைய வைக்கத்தான சொன்னேன். கதவ தொறந்து விடவா சொன்னேன்? அந்தப் பட்டியல எழுதியிருந்தா அதுவும் கை வச்சதுதான?"

இப்போதெல்லாம் நல்ல நேரம் பார்த்துப் பட்டியலை எழுதி வைத்துவிடுகிறேன், கதவை அவர்கள் சொன்ன நேரத்தில் திறக்கிறேன்.

சாவியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் இட்டாள். பிறகு சமையல்கட்டுக்குப் போனவள் திரும்பி வந்து, அப்படியென்றால் முட்டித் தைலம் இனி வாங்க வேண்டாமா என்று கேட்டாள். இருக்கிற புட்டி தீரட்டும் என்றேன்.